உஷார்! செக் மொழியில் ஹார்னஸ் கையேடா? அகராதியை நம்பிக் கை வைக்காதீர்கள்!

உயரத்தில் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கருவிகளின் ஆங்கிலக் கையேடு, செக் மொழிக்கு மாற்றச் சொல்லி உங்களிடம் வந்திருக்கிறதா? இரண்டு மொழியும் தெரியும் என்ற தைரியத்தில் உடனே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குவிதி இந்தக் கருவிகளை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. உயிரே போகக்கூடிய ஆபத்துகளுக்கான பிரிவு அது. செக் நாட்டின் 362/2005 அரசாணைப்படி ஒன்றரை மீட்டருக்கு மேல் போனாலே பொதுவாக விழாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும். ஆக, உங்கள் வரியை நம்பப்போகிறவர் கோபுரம் ஏறுபவர் மட்டுமல்ல. சாதாரணக் கூரை வேலைக்காரரும்தான்.

எங்கெல்லாம் கால் இடறும்?

1. மூன்று வேலை, மூன்று சொல். ‘ஸாட்ர்ஷெனீ’ என்றால் விளிம்புப் பக்கமே போகவிடாமல் இழுத்துப் பிடிப்பது. ‘ப்ராட்சோவ்னீ போலோஹோவானீ’ என்றால் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்யத் தாங்குவது. ‘ஸாஹிட்செனீ’ என்றால் விழுந்தேவிட்டவரைத் தரையில் மோதுமுன் நிறுத்துவது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 358-இன் இடுப்புப் பட்டை முதல் இரண்டுக்கு மட்டுமே. மூன்றாவதற்கு ஈஎன் 361 முழு உடல் ஹார்னஸ், அதாவது உடல் முழுவதும் மாட்டும் வார்க்கட்டுதான். முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் போட்டால் இடுப்புப் பட்டையை நம்பி ஒருவர் விழுவார். விழும் விசை முழுவதும் வயிற்றில் இறங்கும். விழுபவரை நிறுத்த இடுப்புப் பட்டை கூடாது என்று அமெரிக்கக் கட்டுமானத் துறையில் 1998 ஜனவரி 1 முதல் தடையே இருக்கிறது.

2. கொக்கியா, கயிறா? ‘ஸ்போய்கா’ என்பது ஈஎன் 362 கொக்கி. ‘ஸ்போயோவாட்ஸீ ப்ரோஸ்ட்ர்ஷெடெக்’ என்பது ஈஎன் 354 லேன்யார்ட், அதாவது ஹார்னஸையும் ஆங்கரையும் (மாட்டிக்கொள்ளும் உறுதியான புள்ளி) இணைக்கும் கயிறு அல்லது வார். இரண்டுக்கும் வேர் ஒன்று. குழப்பினால், கொக்கியின் பூட்டைச் சோதித்துவிட்டு, நைந்த கயிற்றைப் பார்க்காமல் ஏறிவிடுவார்கள். லேன்யார்டை ‘ஷ்ஞூர்கா’ என்று போட்டால் இன்னும் மோசம். அடையாள அட்டை தொங்கும் கழுத்துக் கயிறுதான் நினைவுக்கு வரும்.

3. இரண்டு ‘வோல்னீ’. ‘வோல்னீ பாட்’ என்பது கயிறு இறுகும்வரை ஆள் விழும் தூரம். ‘வோல்னீ ப்ரோஸ்டோர்’ என்பது கீழே காலியாக இருக்கவேண்டிய இடம். 2 மீட்டர் லேன்யார்ட், அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீள்வதற்கு 1.75 மீட்டர், ஆளின் உயரத்துக்கு 1.5, உபரியாக 1 என்று கூட்டினால் ஆங்கருக்குக் கீழே 6.25 மீட்டர் வேண்டும். இரண்டையும் குழப்பி, 6.25 வரவேண்டிய இடத்தில் 2 மீட்டர் என்று அச்சானால், ஹார்னஸ் போட்டவரும் தரையில்தான் மோதுவார்.

4. அமெரிக்க எண்கள். மூலக் கையேடு அமெரிக்காவில் எழுதப்பட்டதாக இருந்தால் கவனம். அங்கே விழுபவர் உடலில் இறங்கலாம் என்று விதி அனுமதிக்கும் உச்ச விசை 1,800 பவுண்டு, அதாவது சுமார் 8 கிலோநியூட்டன். அதிர்ச்சி தாங்கிகளுக்கான ஐரோப்பாவின் ஈஎன் 355 விதிக்கும் வரம்பு 6 கிலோநியூட்டன். அலகை மாற்றிவிட்டால் விதிக்குப் பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். முரண்பாடு தெரிந்தால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

உடனே செய்யவேண்டியவை: ஒவ்வொரு கருவியின் ஈஎன் எண்ணையும் பிடித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள செக் தரநிலையில் இருக்கும் சொல்லையே எடுங்கள். ஒரு கருவிக்கு ஒரே சொல், கடைசிப் பக்கம்வரை. அழகுக்காக மாற்றுச்சொல் தேடாதீர்கள். ஹார்னஸில் உள்ள ‘ஏ’, ‘ஏ/2’ குறிகளைத் தொடாதீர்கள். ‘ஏ/2’ என்றால் இரண்டு புள்ளிகளையும் சேர்த்தே மாட்டவேண்டும், ஒன்று மட்டும் போதாது. படத்தில் அம்பு காட்டும் பாகமும் வரியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அச்சுக்குப் போகுமுன், இந்தக் கருவிகளை மாட்டி ஏறிப் பழகிய செக்காரர் ஒருவர் படித்தே ஆகவேண்டும். அதற்கு நேரமில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், அந்த வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.