முதுகிலா, கேரியரிலா?

தண்ணீர் லாரி வந்து நிற்கும் தெருவில், சைக்கிள்காரர்கள் குடம் கட்டும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளாஸ்டிக் குடம், கழுத்தில் கயிறு அல்லது வளைத்த இரும்புக் கொக்கி. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் மொத்தம் 30 கிலோ. அதை ஏற்றிக்கொண்டு அறுபது வயதுக்காரர் ஒருவர் நிதானமாக மிதித்துப் போவார். அதே சிக்னலில், புத்தம்புது கியர் சைக்கிளில் ஓர் அலுவலகப் பணியாளர் நிற்பார். அவர் முதுகுப்பையில் மடிக்கணினி, சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோ. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். பெரியவரின் சுமையில் கால் பங்குகூட இல்லை, ஆனால் படும் பாடு அவரைவிட அதிகம்.

சைக்கிளில் வேலைக்குப் போக ஆசைப்பட்டு, இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் பையின் கனத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சமதளச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்க ஒருவருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 வாட் சக்தி தேவைப்படும். அதில் பாதி காற்றைக் கிழிப்பதற்கே போய்விடும். கூடுதலாகப் பத்து கிலோவை ஏற்றினால், டயர் உருளும்போது உண்டாகும் தடை சற்றே கூடும். அதற்காக அதிகம் செலவாவது சுமார் 3 வாட்தான். லேசான எதிர்காற்று இதைவிட அதிகமாகக் காலை வாட்டும். சிக்னலில் நின்று மறுபடி கிளம்பும்போதும் மேம்பாலம் ஏறும்போதும் கனம் தெரியும் என்பது உண்மை. ஆனால் சென்னை, தஞ்சாவூர், யாழ்ப்பாணம் போன்ற தட்டையான ஊர்களில் கனம் ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்தக் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

சைக்கிள் கீழே விழாமல் போவது, ஓட்டுபவர் கணத்துக்குக் கணம் செய்யும் நுண்ணிய சாய்வுகளாலும் ஹேண்டில் திருப்பங்களாலும்தான். முதுகில் தொங்கும் பை தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கிறது. எழுந்து நின்று மிதித்தால் உடம்பு ஒரு பக்கம் போக, பை அரை நொடி தாமதித்து அதே பக்கம் வந்து தள்ளும். பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கும்போது இந்தத் தாமதம் ஆளைத் தடுமாற வைக்கும். குடமோ சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. வண்டி சாயும்போது அதுவும் வண்டியோடு சாய்கிறது; ஓட்டுபவரின் உடம்புக்கு அதோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை.

இன்னொன்றும் உண்டு. கேரியரில் இருக்கும் சுமை சட்டம், சக்கரம், டயர் வழியாக நேரே தரைக்குப் போய்விடுகிறது. முதுகில் இருக்கும் சுமை முதலில் தோளுக்கு, அங்கிருந்து முதுகெலும்புக்கு, பிறகு சீட்டில் அழுந்தும் இடுப்பெலும்புக்கு என்று ஆளை அழுத்திவிட்டுத்தான் வண்டிக்கு வருகிறது. குனிந்து ஓட்டும் கியர் சைக்கிளில் கைக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். அரை மணி நேரப் பயணத்துக்குப் பின் பலர் சீட்டைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். பையை இறக்கி வைத்திருந்தால் பழைய சீட்டே போதுமானதாக இருந்திருக்கலாம். வியர்வையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றுப் பட்டு உலர வேண்டிய முதுகைப் பை மூடிக்கொண்டால், கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டையைப் பிழியலாம்.

இதெல்லாம் புதிய ஞானம் இல்லை. நம் ஊரில் பெரியவர்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் சுமைக்காகவே பிறந்தது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ் ஆகட்டும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ ஆகட்டும், எல்லாமே அடிப்படையில் பழைய இங்கிலாந்து வார்ப்புதான். நீளமான சட்டம், 28 அங்குலச் சக்கரம், தடித்த கேரியர், டபுள் ஸ்டாண்டு. கம்பிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு ரகசியம் புரியும்: முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்தில் 40. கனம் பின்னால்தான் விழும் என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பால்காரரின் கேன்களும் இளநீர்க் குலைகளும் துணி வியாபாரியின் மூட்டையும் அந்த 40 கம்பிகளை நம்பித்தான் தெருத் தெருவாகப் போயின.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண் விடுதலையின் அடையாளமாக அது நிறையப் பேசப்பட்டது, சரியாகவே. அதிகம் பேசப்படாதது சுமைப் பக்கம். தலையிலும் இடுப்பிலும் இருந்த தண்ணீர்க் குடமும் விளைபொருளும் கேரியருக்கு இறங்கின. பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள்; சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாடத்தைப் போர் கற்றுக்கொடுத்தது. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகு, மரக்கறி, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயாக வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, பலருடைய வீடு முழுவதும் ஒரு சைக்கிளில் கட்டிய மூட்டையாகச் சுருங்கியது. 2022இல் இலங்கையில் பெட்ரோல் வரிசைகள் நீண்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வெளியே வந்தன.

இவ்வளவு அனுபவம் இருந்தும், இன்றைக்குக் கடையில் பளபளக்கும் சைக்கிள்கள் பலவற்றில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. மலையேற்றத்துக்கும் பந்தயத்துக்கும் உருவான தோற்றத்தை நகரத்தில் பத்து கிலோமீட்டர் போகிறவருக்கு விற்கிறார்கள். கேரியர் இருந்தால் ‘பால்கார வண்டி’ மாதிரி இருக்கும் என்ற கூச்சமும் வாங்குபவரிடம் இருக்கிறது. கூச்சப்படாத நாடு நெதர்லாந்து. அங்கே பள்ளி மாணவர் முதல் வங்கி ஊழியர் வரை கேரியரின் இரு பக்கமும் தொங்கும் இரட்டைப் பையோடு போவது அன்றாடக் காட்சி.

இந்தப் பக்கவாட்டுப் பைகளை மழை நனைக்காதபடி செய்த கதை சுவையானது. ஹார்ட்முட் ஓர்ட்லிப் என்ற ஜெர்மன் இளைஞர் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனபோது மழையில் பையெல்லாம் ஊறிப்போனது. சாலையில் போன லாரிகளின் தார்ப்பாய் அவர் கண்ணில் பட்டது. ஊர் திரும்பி அந்தத் தார்ப்பாய்த் துணியிலேயே பை தைத்தார்; 1982இல் நிறுவனம் பிறந்தது. பையின் வாயைச் சுருட்டி மூடும் முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. 1993இல் சூரிச்சில் ஃப்ரைடாக் சகோதரர்கள் அதே லாரித் தார்ப்பாயில் இன்னொரு பை செய்தார்கள். இது தோளில் குறுக்காக மாட்டுவது. தபால், ஆவணம் கொண்டுபோகும் கூரியர்களுக்கு அதுதான் பொருத்தம். பத்து நிமிடத்துக்கு ஒரு வாசலில் வண்டியை விட்டுவிட்டு மாடி ஏறுகிறவருக்குப் பை உடம்போடு வர வேண்டும். ஆக, முதுகுப்பை எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கிலோவுக்குள் இருந்தால், தூரமும் குறைவு என்றால், முதுகிலேயே இருக்கட்டும்.

அதிகம் கவலைப்பட வேண்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை, பத்தாம் வகுப்புவரை பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரைக் கிலோ. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. வண்டி கிடைத்தது, பையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பலர் ஹேண்டிலில் மாட்டுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். பை ஊஞ்சலாடும்போது ஹேண்டிலும் சேர்ந்து இழுபடும். பட்டை ஸ்போக்ஸில் சிக்கினால் முன்சக்கரம் அப்படியே நின்று, ஓட்டுபவர் தலைகுப்புறப் போய்விடுவார். முன்கூடை பரவாயில்லை, கனமில்லாத பொருளாக இருந்தால். ஹேண்டிலோடு கூடையும் திரும்புவதால் கனம் ஏறஏறத் திருப்புவது மந்தமாகும். லண்டனில் தயாராகும் பிராம்ப்டன் மடிப்புச் சைக்கிளில் முன்பை ஹேண்டிலில் மாட்டப்படுவதில்லை, சட்டத்திலேயே மாட்டப்படுகிறது. ஹேண்டில் திரும்பும், பை நேராகவே நிற்கும். அந்தச் சிறிய வண்டி முன்னால் 10 கிலோ வரை சுமப்பது அதனால்தான்.

புதிதாகக் கேரியர் மாட்ட நினைப்பவர், வாங்கும்முன் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தில் மரையிட்ட துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாலு போல்ட்டில் வேலை முடியும். நல்ல கேரியர் 25 கிலோ தாங்கும். துளை இல்லாத வண்டிக்கு, சீட்டுக் கம்பியை மட்டும் இறுக்கிப் பிடித்து நிற்கும் கேரியர் கிடைக்கும். அது பெரும்பாலும் பத்து கிலோவுக்குள்தான், அதுவும் பள்ளத்தில் குதித்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலும் கேரியரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஏற்றும்போது கனமான பொருள் சீட்டை ஒட்டி முன்னால் வர வேண்டும். கேரியரின் வால்பக்கம் கனத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் நடுங்கும். பக்கப்பை மாட்டினால் மிதிக்கும்போது குதிகால் அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சட்டம் குட்டையான வண்டிகளில் இந்தத் தொல்லை உண்டு, பையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் தீரும். ஒரே ஒரு பை என்றால் நம் சாலைகளில் இடது பக்கம் நல்லது. முந்திச் செல்லும் வாகனம் வலப்பக்கம் உரசும், செயின் கறையும் வலப்பக்கம்தான். தள்ளிக்கொண்டு போகும்போது காலில் இடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு விற்கிறார்கள். இழுத்துக் கட்டும்போது கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டை அதைவிட மேல். இறுக்கமாகப் பிடிக்கும், வழுக்காது, பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். முனையைச் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் சக்கரம் சுற்றிக்கொள்ளும். பின் டயரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் காற்று கூட்டி, டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் வைத்துக்கொள்ளலாம். மாட்டிய முதல் வாரம் கேரியர் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நம் சாலைக் குலுக்கலில் அவைதான் முதலில் கழன்று விழும்.