உங்களுக்குத் தெரியுமா? செவ்வாய்க்கிரகத்து இளவரசி

★ 1912 பெப்ரவரியில் ‘ஆல் ஸ்டோரி’ என்ற அமெரிக்க மலிவு இதழில் ஒரு தொடர்கதை தொடங்கியது. செவ்வாய்க்கிரகத்தில் போய் விழும் ஜோன் கார்ட்டர் என்ற போர்வீரன், அங்கே எதிரிகளிடம் சிறைப்பட்டிருக்கும் தேஜா தோரிஸ் என்ற செந்நிற இளவரசியைச் சந்திக்கிறான். எழுதியவர் எட்கர் ரைஸ் பரோஸ். பென்சில் சீவும் கருவி விற்கும் தொழிலில் இருந்தவர் அவர். கதைக்குக் கிடைத்தது 400 டொலர். இப்படியெல்லாம் எழுதினால் பைத்தியம் என்பார்களே என்று பயந்து, ‘தெளிந்த புத்திக்காரன்தான்’ என்று பொருள்படும் புனைபெயரைப் போட்டுக் கொடுத்தார். அச்சில் ஓர் எழுத்து மாறிப்போனதில் பகிடி வீணாய்ப் போனது! அதே ஆண்டில் அவர் எழுதிய அடுத்த ஆளை நாம் எல்லோரும் அறிவோம்: டார்சான்.

★ அவிசாவளையிலிருந்து எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்குக் குறும்பாதை ரயில் வந்ததும் அந்த 1912இல்தான். ரயில் இப்போது அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. இளவரசி இன்னும் மறுபதிப்புக் கண்டுகொண்டிருக்கிறாள்.

★ தேஜா தோரிஸ் எதற்காகப் பயணம் போய்ச் சிறைப்பட்டாள் தெரியுமா? சுயம்வரத்துக்கு இல்லை, நந்தவனத்தில் பூப்பறிக்கவும் இல்லை. செவ்வாயின் காற்றோட்டங்களை மறுபடி வரைபடமாக்கவும், காற்றின் அடர்த்தியை அளக்கவும் அவளுடைய பாட்டனாராகிய பேரரசர் அனுப்பிய ஆய்வுக்குழுவோடு போனாள். அவள் உலகில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஓர் ஆலையில் உற்பத்தி செய்துதான் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். பரோஸே அவளுடைய இந்த ஆய்வு வேலையைப் பாதியில் மறந்துவிட்டு, அவளைத் தூக்கிப்போவதும் மீட்பதுமாகவே கதையை ஓட்டினார் என்பது வேறு விஷயம்.

★ அவளுக்கு உடை கிடையாது. நகைகள் மட்டும்தான். மாணிக்கக்குழி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டதும் வியாபாரப் புத்தி வேலை செய்யும். 2012இல் டிஸ்னி ‘ஜோன் கார்ட்டர்’ படத்தை எடுத்தபோது இளவரசியாக நடித்த லின் கொலின்ஸுக்கு ஒழுங்காக உடை தைத்துக் கொடுத்தார்கள். விஞ்ஞானி வேலையையும் திருப்பிக் கொடுத்தார்கள். படம் படுதோல்வி.

★ செந்நிறச் செவ்வாய்க்காரர்கள் ஆயிரம் ஆண்டு வரை வாழ்வார்களாம். பெண்கள் முட்டையிடுவார்கள். முதல் நாவலின் முடிவில் இளவரசியின் முட்டை அரண்மனைக் கூரையில் அடைகாப்புப் பெட்டியில் இருக்கிறது. பிறகு பொரித்து வந்த மகனுக்குக் கார்தோரிஸ் என்று பெயர். பாதி அப்பா, பாதி அம்மா. தாயின் பெயரையும் பிள்ளைக்கு வைக்கலாமா என்று நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

★ தமிழிலும் ஒரு வேற்றுக்கிரக இளவரசி இருக்கிறாள். 1963 ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’. இயக்கியவர் ஏ. காசிலிங்கம், இசை கே. வி. மகாதேவன், நாயகன் எம்.ஜி.ஆர். விண்கலத்தில் பூமிக்கு வந்து இறங்குகிறார் நம்பியார். எதற்கு? தங்கத்துக்கா, தண்ணீருக்கா, படையெடுப்புக்கா? அவருடைய கிரகத்தில் விஞ்ஞானம் கொடிகட்டிப் பறக்கிறது, ஆனால் ஆடல் பாடல் தெரிந்தவர்கள் இல்லை. இளவரசி ரஜனிக்குக் கலை கற்றுக்கொடுக்க ஒரு ஆசிரியை வேண்டும். பாட்டில் கெட்டிக்காரியான பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். தேடிப்போகும் எம்.ஜி.ஆர் அங்கே தன்னைப் போலவே இருக்கும் கோமாளியின் இடத்தில் நுழைந்துகொள்கிறார். ரஜனியாக வருபவர் ராஜஸ்ரீ.

என் கணக்கில் இந்தக் கதை பரோஸின் கதையைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அமெரிக்கர் கதையில் இளவரசிதான் பரிசு. இங்கே இளவரசி மாணவி, கடத்தப்பட்டவள் குரு. அறிவு எவ்வளவு இருந்தும் பாட்டுக்கு ஆள் இல்லாமல் பூமிக்கு வந்து கையேந்தும் வேற்றுக்கிரகம் ஒன்றைத் தமிழ்ச் சினிமாக்காரர்களைத் தவிர வேறு யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

★ விண்வெளிக்குப் போன முதல் பெண் வலன்ரினா தெரெஷ்கோவா. நாள் 1963 ஜூன் 16. பானுமதி, படத்தில்தான் என்றாலும், இரண்டு மாதம் முந்திக்கொண்டார்.

★ 1917ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஜனவரி 17இல் நாவலப்பிட்டியில் எம்.ஜி.ஆர் பிறந்தார். அந்த ஆண்டில்தான் பரோஸின் தொடர், ‘செவ்வாய்க்கிரகத்து இளவரசி’ என்ற பெயரில் முதன்முதலாகப் புத்தகமாயிற்று. டிசம்பர் 16இல் இங்கிலாந்தில் ஆர்தர் சி. கிளார்க் பிறந்தார். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்த கிளார்க், 1979இல் வெளியிட்ட ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ நாவலில் நம் சிவனொளிபாதமலையை மாதிரியாக வைத்து ஒரு மலையைப் படைத்து, அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டினார். கணக்குச் சரியாக வரவேண்டும் என்பதற்காக முழு இலங்கையையும் தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகையில் வைத்துவிட்டார். குருவிட்ட, எரத்ன வழியாக முழங்கால் வலிக்க ஏறுகிறவர்கள் அந்த மின்தூக்கியை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

★ தேஜா தோரிஸின் தலைநகரம் ஹீலியம். அதே பெயருள்ள வாயுவின் கதை அன்றைய சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பியர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்து நோர்மன் போக்சனும் நிறமாலை வழியே பார்த்தார்கள். அந்த ஆண்டில் சூரிய ஒளியில் அடையாளம் காணப்பட்ட புது மஞ்சள் கோடுதான் ஹீலியம். சூரியனில் கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் கழித்தே பூமியில் அது அகப்பட்டது.

★ ஜோன் கார்ட்டர் அங்கே வெட்டுக்கிளிபோலத் தாவுவது முழுப்பொய் இல்லை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 சதவீதம். இங்கே 20 கிலோ காட்டும் கொழுந்துச் சாக்கைச் செவ்வாயில் சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் முள் ஏழரைக் கிலோவில் நின்றுவிடும். பேர் போடுவதற்குள் கணக்கப்பிள்ளையோடு பெரிய சண்டையே நடக்கும்.

★ ‘ஃப்ளாஷ் கோர்டன்’ சித்திரக்கதை பிறந்ததே பரோஸ் உரிமை கிடைக்காததால்தான். ஜோன் கார்ட்டரைக் கேட்டுப் பேரம் படியாத நிறுவனம், 1934இல் சொந்தமாக ஒரு வீரனை உருவாக்கிக்கொண்டது. பின்னாளில் ஜோர்ஜ் லூகாஸ் ஃப்ளாஷ் கோர்டனின் உரிமையைக் கேட்டார். அவருக்கும் கிடைக்கவில்லை. அவர் சொந்தமாகச் செய்தது 1977இன் ‘ஸ்டார் வோர்ஸ்’. அதில் வரும் இளவரசி லேயா, தன்னைக் காப்பாற்ற வந்தவர்களின் துப்பாக்கியைப் பிடுங்கித் தானே சுடுகிறாள்.

★ இளவரசி அளக்கப் போன காற்றை உண்மையில் அளந்தவர்கள் உண்டு. 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கிப் பார்த்தபோது, காற்றழுத்தம் பூமியினதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 2014 செப்டெம்பர் 24இல் செவ்வாய்ச் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானும் அதன் மேல்வளிமண்டலத்தை ஆராயும் கருவிகளோடு போனது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்துச் சுப்பையா அருணன். அன்று உலகமெல்லாம் சுற்றிய புகைப்படத்தில் சேலை கட்டி, தலையில் பூ வைத்த இஸ்ரோ பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

★ 2027 பெப்ரவரி 19இல் செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வரும். அப்போது சுமார் 10 கோடி கிலோமீற்றர் தூரம். பொழுது சாயும்போது எஹலியகொடவிலிருந்து கிழக்கே, சிவனொளிபாதமலைத் திசைக்குச் சற்று வடக்காகப் பாருங்கள். சிவப்பாக, அதிகம் மினுங்காமல் தெரிவதுதான் செவ்வாய். பெப்ரவரியில் நம் பக்கம் மழை கொஞ்சம் குறைவு.