பயப்படாதே – 17: பெருங்காற்று

போன வாரம் உங்களைப் புலியூர்க்குறிச்சியில், முட்டிடிச்சான் பாறைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன். தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் பாறையில் நீர் ஊறியதும் நினைவிருக்கும். இந்த வாரம் அவர் மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது யோபு வந்து வழியை மறித்துக்கொண்டார். நான்கு நாளாக அவரோடுதான் இருக்கிறேன். நாளைக் காலையில் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். அவரை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை.

பாறையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை பஸ்ஸில் போகிற யாரும் அதன் மதிலைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கு மான் காட்டக் கூட்டிப்போகிற இடம். உள்ளே கூரையில்லாமல் நிற்கிற ஒரு பழைய கோவில், அதற்குள் டி லனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி வீரர் அவர். பிறகு அதே அரசனின் படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கி, 1777-இல் இங்கேயே கண்ணை மூடினார்.

பின்னாளில் தேவசகாயம் ஆன நட்டாலத்து நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். கதை சொன்னவர் உறங்குகிற மண்ணும், கேட்டவர் தாகத்தில் தவித்த பாறையும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஐம்பது வருஷமாக அந்த வழியே போய்வருகிற எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்த வாரம்தான் வாய்த்தது.

நடந்தது இதுதான் என்று மரபு சொல்கிறது. பத்மநாபபுரத்தில் அரசுப் பணியில் இருந்தவர் நீலகண்டன். 1712-இல் பிறந்தவர். வீட்டில் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன, பயிரும் பொய்த்தது. முகம் வாடியிருந்தவரைப் பார்த்து டி லனாய் என்ன ஏது என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. மாடுகளையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த ஊத்ஸ் தேசத்து மனிதனின் கதையைச் சொன்னார். சொன்னவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். குருவானவர் கிடையாது. பிடிபட்ட கரையிலேயே பிழைக்க வேண்டிவந்த ஒரு சிப்பாய். இழப்பைப் பற்றிப் பேச அந்த மனிதருக்குத் தகுதி இருந்தது என்று நினைக்கிறேன்.

தமிழில் அப்போது யோபுவின் புத்தகம் இல்லாமல் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் இறந்துபோனார். மீதியை ஷுல்ட்சே முடித்தார். 1720-கள் முடிவதற்குள் முழு வேதாகமமும் தமிழில் வந்துவிட்டது. ஆனால் நீலகண்டனுக்கு அது வாய்வழியாக வந்தது. ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்டார். அவ்வளவுதான்.

அவர் எதைக் கேட்டார்? இங்கேதான் நான் நான்கு நாளாக நிற்கிறேன்.

யோபு என்றதும் நமக்குப் பொறுமை ஞாபகம் வருகிறது. என் பாட்டி அடுப்பு புகைந்தால்கூட ‘யோபுக்க பொறுமை வேணும்’ என்பாள். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் அதிகாரத்திலேயே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, அந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகள் விருந்து வைத்து முடித்த மறுநாள் விடியற்காலையில் எழுந்து, ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பலி செலுத்துகிறார். மனதுக்குள் ஏதாவது தவறாக நினைத்திருப்பார்களோ என்ற கலக்கம். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர் மாடு, ஐந்நூறு கழுதை, பத்துப் பிள்ளைகள். இவ்வளவு இருந்தும், இருந்ததனாலேயே, உறக்கம் கெட்டவர். மூன்றாம் அதிகாரத்தில் அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறார்: எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதுவே வந்துவிட்டது என்கிறார்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ஆம் தேதி நம்மைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளைப் பற்றி இந்தத் தொடரின் ஐந்தாம் பகுதியில் எழுதினேன். மலையோரத்தில் ரப்பரும் வாழையும் படுத்துக் கிடந்தன. நாலைந்து நாள் கழித்து, திருவட்டாறு பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை முழுதும் சரிந்து கிடக்க, அவர் அதன் நடுவில் ஒரு தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே பேசினார்.

‘காத்தடிச்சா உறங்க மாட்டேன் மக்களே. விழுந்திருமோ விழுந்திருமோன்னு கெடப்பேன். இப்போ எல்லாம் விழுந்தாச்சுல்லா. நேத்து ராத்திரி நல்லா உறங்கினேன்.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இனி எனக்க வழக்கு அவருட்டதான்’ என்று மேலே கையைக் காட்டினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு எந்தப் பிரசங்கமும் எனக்குக் காதில் ஏறவில்லை. யோபுவின் புத்தகத்தின் பெரும் பகுதி அந்தப் பெரியவர் சொன்ன வழக்குத்தான். மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறவர், அதற்குப் பின்னும் நண்பர்களோடும் கடவுளோடும் வாதாடிக்கொண்டே இருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்களாக இருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டுப்போனது. கடைசி அதிகாரத்தில் ஆண்டவர், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று அந்த நண்பர்களிடம் சொல்கிறார். சண்டை போட்டவன் சரியாகப் பேசியவன்! இதை நீலகண்டன் கேட்டபோது அவர் முகம் எப்படி மாறியிருக்கும்? மாடு செத்த துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று நின்ற மனிதனுக்கு, சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த நேரம் அது.

இப்போது, இந்த வாரம் என்னை உறங்கவிடாத சங்கதி. யோபுவின் பிள்ளைகள் எப்படி இறந்தார்கள்? வனாந்தரத்திலிருந்து வந்த காற்று வீட்டின் நான்கு மூலையிலும் மோதி, வீடு இடிந்து விழுந்து இறந்தார்கள். முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் கடைசியாக எங்கிருந்து பேசுகிறார்? காற்றிலிருந்து. எபிரெயத்தில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முன்னதில் ‘ரூவாஹ்’, பின்னதில் ‘செஆரா’. நம் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ இரண்டுமே ‘பெருங்காற்று’. மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ, கை போன போக்கில் செய்தார்களோ, தமிழில் அது ஒரே காற்றாகிவிட்டது. பிள்ளைகளைக் கொண்டுபோன காற்றிலிருந்துதான் யோபு கடவுளின் குரலைக் கேட்கிறார். இதைக் கண்டுபிடித்த ராத்திரி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதும் விசேஷம். இந்தத் தொடருக்கு நான் வைத்திருக்கிற தலைப்பை அது சொல்லவே இல்லை. ‘பயப்படாதே’ என்ற சொல் வேதத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. வரவேண்டிய தேவையும் இல்லை. யோபுவிடம் கடவுள் வரையாட்டின் பிரசவத்தைப் பேசுகிறார். காட்டுக் கழுதையை, முட்டையை மண்ணில் விட்டுப்போகிற தீக்கோழியை, பருந்தைக் காட்டுகிறார். முப்பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஒரு போர்க்குதிரை வருகிறது. அது பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்த இடம் வந்தபோது சிப்பாய் டி லனாயின் குரல் உயர்ந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். யோபு கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதிலே வருவதில்லை. அவருக்குக் கிடைத்தது, பேசுகிறவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும்தான். அது போதும் என்று அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

அது போதும் என்று நீலகண்டனும் எண்ணியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் செய்ததைப் பாருங்கள். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். லாசர் என்பது எலெயாசரின் சுருக்கம். தேவன் சகாயம் செய்தார் என்று பொருள். எவ்வளவு நேரான மொழிபெயர்ப்பு! வடக்கன்குளம் அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திரும்பி வந்தார். வேலைக்கும் போனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார்.

1749 பிப்ரவரி 23-இல் கைதானதிலிருந்து ஏறக்குறைய மூன்று வருஷம். எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். அந்த நாட்களில் அவர் பயப்படவே இல்லை என்று பாடுகிற பாட்டுகள் எனக்கு உவப்பாக இல்லை. முட்டிடிச்சான் பாறையில் தாகம் தாங்காமல் இடித்த முழங்கை ஒரு மனிதனின் முழங்கை. தாகத்தை அறிந்தவர் பயத்தையும் அறிந்திருப்பார். யோபுவைப்போல அதை மேலே சொல்லியும் இருப்பார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பிய அதே கணவாய் அது. அங்குள்ள மலைக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். காற்றாடிமலை.

உடலில் மிஞ்சியதைக் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2-இல் நம் நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டமும் கிடைத்தன. அந்த ஞாயிறன்று எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. வீடு, கத்தோலிக்க வீடு என்று பார்க்காமல் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். நீலகண்டனாய்ப் பிறந்து தேவசகாயமாய் இறந்தவரின் படம் தூய பேதுரு பேராலய முகப்பில் தொங்குவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞானப்பூ அம்மாள் இன்னும் காத்திருக்கிறார். யோபுவின் மனைவி அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு தடவை பேசுகிறாள். அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்று, பத்தையும் ஒரே நாளில் பறிகொடுத்தவள். தேவசகாயத்தின் மனைவிக்குப் பெயர் இருக்கிறது, இரண்டு பெயர்கள். பார்கவி என்றும், ஞானஸ்நானத்துக்குப் பின் ஞானப்பூ என்றும். உறவுக்காரர்களுக்குப் பயந்து முதலில் தயங்கியவர் அவர் என்று சொல்வார்கள். கணவர் கொல்லப்பட்டபின் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானவர். சனிக்கிழமை காலை வடசேரியில் பஸ் ஏறுகிறேன். ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு வழி. ஜன்னலோரத்து சீட் கிடைத்தால் நல்லது.

(தொடரும்)