பின் அச்சை இனங்காணலும் மாற்றலும்

மாணவர்களே, பின்சில்லுகளால் இயங்கும் பழைய கார்களில் எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டி, புரொப்பலர் தண்டு என்பவற்றினூடாகப் பின் அச்சை அடைகின்றது. அங்கே சிறிய பினியன், பெரிய கிரவுண் பற்சில்லைச் சுழற்றும். கிரவுணின் பற்களைப் பினியனின் பற்களால் வகுக்கக் கிடைப்பதே அச்சு விகிதம் ஆகும்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். எமது வீதிகளிலும் ஓடிய கார் இது. 1956 இற்கு முற்பட்ட, பிந்திய 803 சீசீ கார்களில் விகிதம் 43/8, அதாவது 5.375. 1956 இல் வந்த 948 சீசீ காரில் 41/9 (4.56). 1962 இல் வந்த 1098 சீசீ காரில் 38/9 (4.22). மூன்றும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. இடையில் யாரோ மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே காரின் ஆண்டைப் பார்த்து விகிதத்தைத் தீர்மானித்தல் தவறு, எண்ணியே பார்க்கவேண்டும்.

முன்சில்லுகளுக்கும் ஒரு பின்சில்லுக்கும் கட்டை வைத்து, மற்றைய பின்சில்லை உயர்த்தித் தாங்கியில் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே செல்லலாகாது. கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்துக. சில்லிலும் தண்டிலும் சோக்கினால் அடையாளமிட்டு, உயர்த்திய சில்லை 20 முறை சுற்றுக. தண்டு ஏறத்தாழ 45½ முறை சுற்றினால் விகிதம் 4.56, 42¼ முறையெனில் 4.22.

இங்கேதான் பலர் புள்ளியை இழக்கின்றனர். 45½ ஐ 20 ஆல் வகுத்து 2.28 என எழுதிவிடுவர். தண்டின் சுழற்சி இரு சில்லுகளின் சராசரியைப் பொறுத்தது. ஒரு சில்லு நிற்க, மற்றையது 20 முறை சுற்றினால் சராசரி 10 மட்டுமே. எனவே 10 ஆல் வகுக்கவேண்டும்.

மாற்றும்போது முழு அச்சையும் கழற்றத் தேவையில்லை. எண்ணெயை வடித்து, அரை அச்சுக்களை வெளியே இழுத்து, புரொப்பலர் தண்டைப் பிரித்தால் டிபரன்சியல் தொகுதி முன்பக்கமாகக் கழன்று வரும். மேற்கூறிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 1948 இன் முதல் வகை அச்சு வேறு, அது பொருந்தாது. கிரவுணும் பினியனும் சோடியாகத் தேய்ந்து பொருந்தியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சலும் விரைவான தேய்வும் நிச்சயம். பழைய உதிரிப்பாகம் வாங்கும்போது பற்களை எண்ணியபின் காசு கொடுப்பதே புத்தி.

948 சீசீ காருக்கு 4.22 தொகுதி பொருத்தினால் அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். நீண்ட பயணத்துக்கு நன்று. ஆனால் சில்லுக்குக் கிடைக்கும் முறுக்கம் ஏறத்தாழ 7% குறையும். ஏற்றத்தில் கியரைக் குறைக்க நேரும். இதைவிட ஆபத்தானது வேகமானி. அது கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவதால் அச்சு மாறியதை அறியாது. அது 50 மைல் எனக் காட்டும்போது உண்மை வேகம் 50 × 41/38, அண்ணளவாக 54 மைல். வேகமானியையும் திருத்தியமைத்தல் அவசியம்.

பயிற்சி: 803 சீசீ காரில் 5.375 இற்குப் பதிலாக 38/9 தொகுதி பொருத்தப்பட்டது. வேகமானியும் டயரும் மாற்றப்படவில்லை. வேகமானி 30 மைல் காட்டின் உண்மை வேகம் யாது? (விடை: அண்ணளவாக 38 மைல்)