உங்களுக்குத் தெரியுமா? காரில் பாட ஒரு சிடி

● காருக்குள் சிடி பிளேயர் நுழைந்தது 1984-ல். சோனி, பயனியர் இரண்டுமே அந்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தன. வீட்டு பிளேயர் ஜப்பானியக் கடைகளுக்கு வந்து அப்போது இரண்டே ஆண்டு ஆகியிருந்தது.

● 80 நிமிட வெற்று சிடியை ஆடியோ சிடியாக எழுதினால் பதினேழு, பதினெட்டுப் பாட்டு பிடிக்கும். அதே சிடியில் 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஃபைல்களைப் போட்டால் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். சென்னையில் போட்டால் கன்னியாகுமரிவரை கேட்ட பாட்டு திரும்ப வராது.

● ஆனால் எல்லா ஸ்டீரியோவுக்கும் எம்பி3 புரியாது. முகப்பில் ‘எம்பி3’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் ஆடியோ சிடிதான் கதி. புரியாத பிளேயரில் எம்பி3 சிடி சத்தமே வராமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு.

● எம்பி3 பாட்டை ஆடியோ சிடியாக மாற்றினால் தரம் கூடிவிடுமா? கூடாது. சிடியில் ஒரு விநாடி ஒலிக்கு 1,411 கிலோபிட். 128 எம்பி3-ல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். சுருக்கும்போது கழித்துக்கட்டிய ஒலி கழிந்ததுதான். டயர் சத்தமும் ஏசி இரைச்சலும் கலந்த காருக்கு 192 கேபிபிஎஸ் போதும் என்பது என் கட்சி.

● கணினியில் அழகாகப் பாடும் சிடி, காரில் போட்டதும் ‘எரர்’ காட்டுகிறதா? ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருப்பீர்கள். சிடி உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை உள்விளிம்பில் இருக்கும். கார் பிளேயர் முதலில் தேடுவது அதைத்தான். ஃபைனலைஸ் செய்து சிடியை மூடினால்தான் அந்த அட்டவணையே எழுதப்படும். மூடாத சிடியையும் கணினி டிரைவ் எப்படியோ சமாளித்துப் படித்துவிடும் என்பதால்தான் இந்தக் குழப்பம். இன்னொன்று: ஆடியோ சிடியில் இன்று ஐந்து பாட்டு, அடுத்த வாரம் ஐந்து பாட்டு என்று தவணையில் எழுதினால், பல பிளேயர்களுக்கு முதல் தவணை மட்டுமே கண்ணில் படும்.

● கச்சேரிப் பதிவில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருந்தால் நடுவே 2 விநாடி மௌனம் விழும். எழுதும் மென்பொருளில் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியைச் சுழியம் ஆக்கினால் தொடர்ந்து ஒலிக்கும்.

● எம்பி3 சிடியில் 1-க்குப் பிறகு 10 பாடி, அப்புறம் 11 பாடி, அதன்பிறகே 2 பாடும் ஸ்டீரியோவைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எண் தெரியாது; எழுத்து எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும். 01, 02 என்று பெயரிட்டால் ஒழுங்குக்கு வந்துவிடும். நூறைத் தொட்டால் 001.

● ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பல ஸ்டீரியோக்களின் திரையில் கேள்விக்குறியோ கட்டமோதான் தெரியும். உள்ளே தமிழ் எழுத்துரு கிடையாது. ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய முறையின் முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். பின்னர் வந்த ஜோலியட் 64 வரை அனுமதித்தது. எதற்கும், ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே நல்லது.

● அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ பழைய கார்களில் ஓடாததற்குக் காரணம் வெளிச்சம். கடையில் வாங்கும் சிடி லேசர் ஒளியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான்.

● கீறல் விழக்கூடாத பக்கம் எது? பளபளக்கும் பக்கம் என்பார்கள். உண்மையில் பதிவு இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில். 1.2 மில்லிமீட்டர் தடிமனில் பெரும்பகுதி, பதிவுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக். அதில் விழும் சிறு கீறலைத் துடைத்தோ தேய்த்தோ சரிசெய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் பாட்டும் உரிந்தது. ஆகவே பெயர் எழுத மென்முனை மார்க்கர். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். காகித லேபிளும் வேண்டாம். வெயிலில் பசை இளகி ஸ்லாட்டுக்குள் ஒட்டிக்கொண்டால், ஸ்டீரியோவையே கழற்ற வேண்டிவரும்.

● பள்ளத்தில் இறங்கியும் பாட்டு அறுபடாமல் வருவது நினைவகத்தின் புண்ணியம். முன்கூட்டியே சில விநாடி ஒலியைப் படித்துச் சேர்த்துவைத்துக்கொள்ளும். அதே நினைவகத்தில் எம்பி3 பல மடங்கு நேரத்துக்குக் கொள்ளும். மோசமான சாலைக்கு எம்பி3 சிடி வசதி.

● பென் டிரைவுக்கு மாறியவர்களுக்கும் தலைவலி தீரவில்லை. பல பழைய ஸ்டீரியோக்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததை மட்டுமே ஏற்கும். சில, பெயரைப் பார்க்காமல் நீங்கள் காப்பி செய்த வரிசையிலேயே பாடும். அதற்கு ஃபைல்களை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் காப்பி செய்வதுதான் வழி.