கரன்ட் கம்பெனி மூடினால் விளக்கு எரியுமா?

குழந்தைகளே! கடையில் நாலு கம்பெனி சோப்பு இருந்தால், விலை பார்த்து ஒன்றை வாங்குவோம். கரன்ட்டையும் அப்படி வாங்க முடியுமா? பிரிட்டனில் முடியும்! அந்தக் கதையைக் கேளுங்கள்.

முன்பு அங்கே நகராட்சிகளும் தனியார் கம்பெனிகளுமாக 500க்கும் மேற்பட்ட அமைப்புகள் மின்சாரம் விற்றன. ஊருக்கு ஊர் வோல்டேஜ் கூட மாறும். இந்த ஊர் பல்பு அடுத்த ஊரில் சரியாக எரியாது! 1948 ஏப்ரல் 1ம் தேதி அரசு மின்சாரத் துறையைத் தன் கையில் எடுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 12 வாரியங்கள் வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தன. யாருக்கும் வேறு கடை கிடையாது.

போட்டி இருந்தால் விலை குறையும் என்று நம்பியது, பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு. 1989ல் சட்டம் வந்தது. 1990ல் அந்த 12 வாரியங்களும் தனியாருக்கு விற்கப்பட்டன. முதலில் பெரிய தொழிற்சாலைகளும், 1998 - 99ல் வீடுகளும் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றன.

'கம்பெனிக்கு ஒரு கம்பி வருமா?' என்று கேட்கிறீர்களா? இல்லை, அதே கம்பிதான். ஊர்ப் பொதுத் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். பலர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எல்லாரும் ஒரே குழாயில் பிடிக்கிறோம். நீங்கள் யாருக்குக் காசு கொடுக்கிறீர்களோ, அவர் நீங்கள் பிடித்த அளவுக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றியாக வேண்டும். அவ்வளவுதான்!

2021ல் சோதனை வந்தது. அப்போது அங்கே மின்சாரத்தில் கணிசமான பகுதி எரிவாயுவில் தயாரானது. அதன் விலை திடீரென எகிறியது. வீடுகளிடம் வாங்கும் கட்டணத்துக்கோ, 2019 முதல் உச்சவரம்பு இருந்தது. அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன ஆகும்? சில மாதங்களில் 25க்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடப்பட்டன.

வீடுகள் இருண்டனவா? இல்லை. 'ஆஃப்ஜெம்' என்ற கண்காணிப்பு அமைப்பு, அந்த வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் கட்டியிருந்த முன்பணமும் காப்பாற்றப்பட்டது. ஆனால், அதற்கான செலவு எல்லார் வீட்டு பில்லிலும் ஏறியது!

பார்த்தீர்களா? விரும்பிய கடையில் வாங்குவது நல்லதுதான். ஆனால், சோப்புக்கடை மூடினால் ஒருநாள் பொறுக்கலாம். கரன்ட் நின்றால் ஆஸ்பத்திரி என்ன ஆகும்? கடைகள் பல இருந்தாலும், காவல்காரர் ஒருவர் விழித்திருக்க வேண்டும். என்ன, சரிதானே?