சந்தை நாளும் நம் கல்லாவும்

சந்தை கூடும் ஊரில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. வாடகையும் மின்கட்டணமும் உரிமக் கட்டணமும் நாம் கட்டுகிறோம். வாரத்துக்கு ஒரு நாள் சாக்கை விரித்து உட்காருகிறவர் வியாபாரத்தைக் கொண்டுபோகிறார் என்பதே அது. வெங்காயம், பூண்டு, வத்தல், புளி வரைக்கும் இது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வியாபாரி என்பவர் வரவுப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டுமல்லவா?

கிராமத்தில் மாதச் சம்பளக்காரர் சிலர்தாம். மற்றவர் கையில் ரொக்கம் புழங்குவது, விளைந்ததையோ வளர்த்ததையோ விற்ற அன்றுதான். அய்யலூரில் வியாழக்கிழமை காலை இரண்டு ஆட்டை விற்றவர், வெயில் ஏறுவதற்குள் மடியில் பணத்தோடு கடைவீதிக்கு வந்துவிடுகிறார். மணப்பாறையில் செவ்வாய் மாலை தொடங்கிப் புதன்கிழமை வரை நடக்கும் மாட்டுச் சந்தையிலும், போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் இதே நடைதான். எண்ணெய், சர்க்கரை, சோப்பு வாங்குவது அந்தப் பணத்தில். பற்று நோட்டில் நிற்கும் பழைய பாக்கி தீர்வதும் அன்றைக்குத்தான்.

இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகள் அத்தியாவசியம் என்று திறந்திருந்தன; சந்தைகள் மூடிக் கிடந்தன. போட்டியே இல்லாத வாரங்கள் அவை. ஆனால் ஆட்டை விற்க வழியில்லாதவர் அரிசியைக் கடனுக்குத்தானே கேட்பார்? கேட்டார்கள். நாமும் கொடுத்தோம்.

மொத்த வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்றும் சந்தை வியாபாரி, சரக்கு எடுப்பது அவர்களிடம்தான்.

ஆகவே நாம் கவலைப்பட வேண்டியது சந்தை கூடுவதைப் பற்றியல்ல, அது மெலிவதைப் பற்றி. சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் ஏலம் விடுகின்றன. போட்டியில் ஏற்றிக் கேட்டு எடுத்த குத்தகைதாரர், போட்ட பணத்தை எடுக்க நிர்ணயித்ததற்கு மேல் கேட்கிறார். கூடைக்காரர் உள்ளே வராமல் சாலையோரம் உட்காருகிறார். ஆடு கொண்டு வந்தவர் வழியிலேயே தரகரிடம் தள்ளிவிட்டுத் திரும்புகிறார். ஊருக்குள் வர வேண்டிய பணம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. கட்டண விவரப் பலகையைச் சந்தை வாசலில் எழுதி வைக்கவும், வாங்கும் காசுக்குச் சீட்டுக் கொடுக்கவும் நம் கிளைச் சங்கங்கள் உள்ளாட்சி நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம். சந்தைக்காரருக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர், தம் பற்று நோட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

தேர்தல் காலம் இன்னொரு தொல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுசெல்லும் ரொக்கத்தைப் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. பிறகு மாவட்டக் குழுவிடம் கணக்குக் காட்டித்தான் மீட்க வேண்டும். இரண்டு மாடு வாங்க வருகிறவரிடமே அதற்கு மேல் இருக்கும்; ரசீது ஏது? அந்த வாரங்களில் சந்தை படுத்துவிடுகிறது, நம் வசூலும் கூடவே. சரக்கெடுக்கப் பணத்தோடு செல்லும் உறுப்பினர்கள் வங்கியில் பணம் எடுத்த சீட்டு, கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றின் நகல் ஆகியவற்றைக் கையோடு வைத்திருக்கவும்.